அம்மாவின் பம்பிங் 81-லிருந்து 66 ஆகிவிட்டதா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது, உயரம் 147 சென்டிமீட்டர், எடை 48 கிலோ. பல வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு கனக்கிறது என்று சொன்னதால் இரண்டு வருடம் முன்பு ஒரு மையத்தில், இதயத்துக்கு வேலை கொடுத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் தாலியம் ஸ்கேன் எடுத்தோம். ரத்த ஓட்டத்தில் குறை இல்லை, இதயத்தின் பம்பிங் அளவான இ.எஃப். 81 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்தது. இந்த மாதம் வேறொரு ஊரில் அதே ஸ்கேன். இப்போதும் ரத்த ஓட்டத்தில் குறை இல்லை என்றுதான் போட்டிருக்கிறார்கள், ஆனால் இ.எஃப். 66. எக்கோவில் 62. முதல் ரிப்போர்ட்டில் இ.டி.வி. 52, இ.எஸ்.வி. 10 மில்லி, இரண்டாவதில் 59, 20. இரண்டே வருடத்தில் 15 சதவீதம் பம்பிங் போய்விட்டதே என்று அம்மா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. மாமா உடனே ஆஞ்சியோ பண்ணிவிடலாம் என்கிறார். நான் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். ஃபிலிமின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: முதலாவதில் 'பட்டர்வொர்த் 0.30, 10', இரண்டாவதில் 'பட்டர்வொர்த் 0.50, 5'. இரண்டிலும் 8 ஃபிரேம். படத்தைச் சீர்படுத்தும் இந்த ஃபில்டர் வித்தியாசத்தால் பம்பிங் எண் மாறுமா? எதை நம்புவது? மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டுமா?

பதில்: தம்பி, அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிட்டுக் கேட்டீர்கள் பாருங்கள், அதற்காகவே இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பல மையங்களில் ஃபில்டர் விவரத்தை அச்சடிப்பதே இல்லை. அச்சடித்தாலும் யாரும் பார்ப்பதில்லை. இ.எஃப். எண்ணை மட்டும் பரீட்சை மார்க் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு குடும்பமே அதைத் தூக்கிச் சுமக்கிறது. அந்த எண் ஏறினால் நிம்மதி, இறங்கினால் சாப்பாடு இறங்குவதில்லை. இதை அடிக்கடி பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அம்மாவிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். 66 நல்ல எண். எக்கோவில் பெண்களுக்கு 54 முதல் 74 வரை இயல்பு என்று அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட வரையறையில் இருக்கிறது. அம்மாவின் 62 அதன் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு 66 உறுத்துகிறது, எனக்கு உறுத்துவது 81. 61 வயதுப் பெண்மணி, 147 சென்டிமீட்டர், ஈ.சி.ஜி.யோடு இணைத்து எடுத்த இந்த ஸ்கேனில் 81 என்று வந்தால் 'அடேயப்பா, என்ன பலமான இதயம்' என்று எனக்குத் தோன்றாது. 'சிறிய இதயம், படத்தை ரொம்ப மழுப்பியிருக்கிறார்கள்' என்றுதான் முதலில் தோன்றும்.

நீங்கள் அனுப்பிய மில்லி கணக்கை எடுத்துக்கொள்வோம். இதயம் முழுவதும் விரிந்து நிறைந்திருக்கும்போது இருக்கும் ரத்தம் இ.டி.வி. சுருங்கி முடித்த பிறகு உள்ளே மிச்சமிருப்பது இ.எஸ்.வி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளிய ரத்தம். அது இ.டி.வி.யில் எத்தனை சதவீதம் என்பதுதான் இ.எஃப். முதல் ஸ்கேனில் 52-ல் 10 போக 42 மில்லி. இரண்டாவதில் 59-ல் 20 போக 39 மில்லி. பார்த்தீர்களா, வெளியே போகும் ரத்தம் ஏறக்குறைய அதேதான். மாறியிருப்பது உள்ளே மிச்சமிருப்பதாகக் கம்ப்யூட்டர் சொல்லும் அளவு, 10 மில்லி 20 ஆகியிருக்கிறது. 42-ஐ 52-ஆல் வகுத்தால் 81, 39-ஐ 59-ஆல் வகுத்தால் 66. பத்து மில்லி என்பது இரண்டு டீஸ்பூன். அந்த இரண்டு டீஸ்பூன்தான் உங்கள் வீட்டில் இத்தனை கலவரத்தை உண்டாக்கியிருக்கிறது.

சரி, அந்தப் பத்து மில்லியை ஃபில்டர் எப்படி விழுங்கும்?

இந்த ஸ்கேனுக்கு இப்போது பெரும்பாலும் தாலியம் போடுவதில்லை, டெக்னீசியம்-99எம் சேர்த்த செஸ்டாமிபி அல்லது டெட்ரோஃபோஸ்மின் என்ற மருந்துதான் போடுகிறோம், பழைய பெயர் வழக்கில் நின்றுவிட்டது. மருந்து இதயத் தசையில் போய்த் தங்கும். அங்கிருந்து வரும் காமா கதிர்களைக் கேமரா மார்பைச் சுற்றி அரை வட்டமாக, 180 டிகிரிக்கு, நின்று நின்று பதிவு செய்யும். நெஞ்சில் ஒட்டிய ஈ.சி.ஜி. வயர் ஒவ்வொரு துடிப்பும் எப்போது தொடங்குகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், கம்ப்யூட்டர் ஒரு துடிப்பை 8 துண்டாக வெட்டி, முதல் துண்டில் வந்த கதிரையெல்லாம் முதல் பெட்டியில், இரண்டாவதில் வந்ததை இரண்டாவது பெட்டியில் என்று நூற்றுக்கணக்கான துடிப்புகளுக்குச் சேர்த்துக்கொண்டே போகும். கடைசியில் இதயம் விரிந்து சுருங்கும் சின்ன வீடியோ கிடைக்கும். நீங்கள் பார்த்த 8 ஃபிரேம் அதுதான்.

எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் எட்டில் ஒரு பங்கு கதிர்தான் கிடைக்கும். கதிர் விழுவது தற்செயல், அதன் ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். மொத்தப் படத்தில் ஒரு புள்ளியில் 200 விழுந்திருந்தால் ஏற்ற இறக்கம் சுமார் 14, அதாவது 7 சதவீதம். அதே புள்ளிக்கு ஒரு ஃபிரேமில் 25 மட்டும் கிடைத்தால் ஏற்ற இறக்கம் 5, அது 20 சதவீதம். படம் புள்ளிப்புள்ளியாக, பிசிறடித்துப்போய் இருக்கும். அதோடு பல கோணப் படங்களைச் சேர்த்து முப்பரிமாணமாக்கும் பழைய கணக்கில் ரேம்ப் என்ற ஃபில்டர் கட்டாயம் வரும். அது நுணுக்கமான விவரங்களைத் தூக்கிக்காட்டும், கூடவே பிசிறையும் தூக்கிவிடும். அதை அடக்க இன்னொரு ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். ஃபில்டர் போடாத படத்தில் தசை எங்கே, பிசிறு எங்கே என்று எனக்கே தெரியாது. அதனால் 'ஃபில்டர் போட்டு ஏமாற்றிவிட்டார்களா' என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். எவ்வளவு போட்டார்கள் என்பதுதான் கேள்வி.

பட்டர்வொர்த் என்பது 1930-ல் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் மின்சுற்றுகளுக்காக எழுதியது. அதில் இரண்டு எண்கள். முதல் எண் கட்-ஆஃப்: எந்த அளவு நுணுக்கம் வரை உள்ளே விடுவது என்பதற்கான எல்லை. அதைக் குறைத்தால் படம் வழவழப்பாகும், மங்கும். கூட்டினால் கூர்மையாகும், பிசிறும் கூடும். இரண்டாவது எண் ஆர்டர்: அந்த எல்லையில் எவ்வளவு சட்டென்று வெட்டுவது என்பது. உங்கள் அம்மாவின் முதல் ஸ்கேனில் 0.30, இரண்டாவதில் 0.50. அதாவது முதலாவதுதான் அதிகம் மழுப்பிய படம்.

இப்போது அளவுகளைப் பாருங்கள். இதயச் சுவரின் தடிமன் சுமார் 10 மில்லிமீட்டர். நம் கேமரா, உடம்புக்குள் அத்தனை ஆழத்தில், 10 முதல் 15 மில்லிமீட்டர் இடைவெளிக்குக் கீழே இரண்டு பொருளைத் தனித்தனியாகக் காட்டத் திணறும். ஃபில்டருக்கு முன்பே நிலைமை இது. சிறிய இதயம் முழுவதும் சுருங்கும்போது எதிரெதிர்ச் சுவர்கள் நெருங்கிவந்து நடுவில் இருக்கும் குழி ஒரு சின்ன ஓட்டையாகிவிடும். அப்போது படத்தை இன்னும் மழுப்பினால் என்ன ஆகும்? இழைக்கோலம் போடும்போது மாவைத் தண்ணீராகக் கரைத்துவிட்டால் பக்கத்துப் பக்கத்து இழைகள் பரவி நடு இடைவெளி மூடிக்கொள்ளுமே, அதேதான். இரண்டு பக்கத்துச் சுவரின் வெளிச்சமும் குழிக்குள் வழிந்துவிடும். சுவரின் உள் விளிம்பு எங்கே என்று தேடும் சாஃப்ட்வேர், வழிந்த வெளிச்சத்தையும் தசை என்று நினைத்து விளிம்பை உள்ளே தள்ளிப் போடும். மிச்சமிருந்த 20 மில்லி 10 மில்லியாகிவிடும். விரிந்த நிலையில் சுவர்கள் தள்ளி இருப்பதால் அங்கே இந்தத் தவறு குறைவு. எனவே இ.டி.வி. கொஞ்சம்தான் குறையும், இ.எஸ்.வி. நிறையக் குறையும், இ.எஃப். எகிறும். உங்கள் எண்களும் அப்படியே இருக்கின்றன: 59-க்குப் பதில் 52, 20-க்குப் பதில் 10.

பெரிய இதயத்தில் இதே தவறு எவ்வளவு பாதிக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், நான் எடுத்துக்காட்டுக்காக எடுத்த எண்கள்தான். உண்மையில் 60-ம் 22-ம் இருக்கும் சிறிய இதயத்தின் இ.எஃப். 63. மழுப்பலில் இ.டி.வி. 4 மில்லி, இ.எஸ்.வி. 8 மில்லி குறைந்தால் 56-ம் 14-ம் ஆகி 75 என்று வரும், 12 புள்ளி ஏற்றம். 160-ம் 90-ம் இருக்கும் வீங்கிய இதயத்தின் இ.எஃப். 44. அதே 4, அதே 8 குறைந்தால் 156-ம் 82-ம் ஆகி 47. வெறும் 3 புள்ளி. நிஜத்தில் பெரிய இதயத்தின் குழி மூடிக்கொள்வதே இல்லை என்பதால் அந்த 3-கூட வராது. ஆக, ஃபில்டர் எல்லாரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. குள்ளமான, ஒல்லியான பெண்களையும் குழந்தைகளையும் சுவர் தடித்த இதயக்காரர்களையும்தான் தேடிப்பிடித்துத் தொடுகிறது. இந்த எண்ணைத் தானாகக் கணக்கிடும் முறையை லாஸ் ஏஞ்சலஸின் சீடார்ஸ்-சைனாய் மருத்துவமனையில் கைடோ ஜெர்மானோவும் அவருடைய குழுவும் 1995-ல் வெளியிட்டார்கள், அருமையான வேலை, இன்றைக்கும் உலகம் முழுக்க அதைத்தான் ஓட்டுகிறோம். ஆனால் நம்மூரில் 150 சென்டிமீட்டரைத் தொடாத பெண்கள் எத்தனை பேர்! மிஷினோடு வந்த ஃபில்டர் எண்ணை அப்படியே வைத்து அவர்களுக்கும் ஓட்டிவிட்டு 78, 81, 85 என்று ரிப்போர்ட் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண் கூடுதலாக வந்தால் என்ன கெட்டுப்போயிற்று, நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். இல்லை. சிறிய இதயத்தில் 58 என்று வந்தால் ரிப்போர்ட்டில் 'இயல்பு' என்று போட்டுவிடுவார்கள். மழுப்பலால் 10 புள்ளி ஏறியிருந்தால் உண்மை 48. அது இயல்பு இல்லை, மருந்து தொடங்க வேண்டிய நிலையாக இருக்கலாம். எனக்கு இந்த இரண்டாவது வகைத் தவறுதான் அதிகக் கவலை. உங்கள் அம்மா விஷயத்தில் எண் குறைந்ததுபோல் தெரிந்ததால் நீங்கள் பயந்தீர்கள், கேள்வி கேட்டீர்கள். எண் ஏறி உண்மையை மறைத்திருக்கும் வீட்டில் யாரும் பயப்படவும் மாட்டார்கள், கேட்கவும் மாட்டார்கள்.

உங்களுக்குக் கணக்கு வரும் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன், எங்கள் துறைக்காரர்களே தடுக்கி விழும் இடம் இது. 0.30, 0.50 என்று இருக்கிறதே, எந்த அலகில்? சில மிஷின்களில் அது ஒரு சென்டிமீட்டருக்கு இத்தனை சுழற்சி (வெளிச்சமும் இருட்டும் மாறி வரும் ஒரு ஜோடி ஒரு சுழற்சி). சிலவற்றில் நைக்விஸ்ட் எல்லையில் ஒரு பங்கு. நைக்விஸ்ட் என்பது அந்தப் படத்தின் பிக்ஸல் அளவு அனுமதிக்கும் அதிகபட்ச நுணுக்கம், இரண்டு பிக்ஸலுக்கு ஒரு சுழற்சி. பிக்ஸல் 6.4 மில்லிமீட்டர் என்றால் நைக்விஸ்ட் ஒரு சென்டிமீட்டருக்கு 0.78. அப்போது நைக்விஸ்டில் 0.40 என்பது உண்மையில் சென்டிமீட்டருக்கு 0.31தான். சென்டிமீட்டர் கணக்கில் 0.40 என்பது நைக்விஸ்ட் கணக்கில் 0.51. ஒரு மையத்து எண்ணை இன்னொரு மையத்து மிஷினில் அப்படியே தட்டிவிட்டால், எண் ஒன்றாக இருக்கும், படம் வேறாக இருக்கும். ஜூம் மாற்றினாலும் இதே கதை: பிக்ஸல் 4.3 மில்லிமீட்டர் ஆனால் நைக்விஸ்ட் 1.16-க்குப் போய்விடும், அதே 0.40 இப்போது சென்டிமீட்டருக்கு 0.46.

இரண்டாவது எண்ணிலும் இதே குழப்பம் உண்டு. சில நிறுவனங்கள் 'ஆர்டர்' என்று கேட்கும், சில நிறுவனங்கள் 'பவர்' என்று கேட்கும், பவர் என்பது ஆர்டரைப் போல இரண்டு மடங்கு. அதனால் உங்கள் முதல் ஃபிலிமில் இருக்கும் 10 பவராகவும் இரண்டாவதில் இருக்கும் 5 ஆர்டராகவும் இருந்தால் இரண்டும் ஒன்றேதான், அங்கே வித்தியாசமே இல்லை. கட்-ஆஃப் விஷயத்தில் அப்படித் தப்பிக்க முடியாது. இரண்டு மையத்திலும் பிக்ஸல் 6.4 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். முதல் 0.30 சென்டிமீட்டர் கணக்கில் 0.30 ஆகவோ 0.23 ஆகவோ இருக்கலாம், இரண்டாவது 0.50 ஆகவோ 0.39 ஆகவோ இருக்கலாம். இந்த இரண்டு வழக்கமான அலகுகளில் எதை எதோடு சேர்த்துப் பார்த்தாலும் முதல் படம்தான் மங்கல். இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து நான் பார்க்கவில்லை, அதனால் முடிவு சொல்ல முடியாது, ஆனால் எண்கள் எல்லாம் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன.

ஃபில்டர் ஒன்றே காரணம் என்றும் நினைத்துவிடாதீர்கள். இந்தக் கணக்கைப் போடும் சாஃப்ட்வேர்கள் பல. சீடார்ஸ்-சைனாய் உருவாக்கியது ஒன்று, அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஒன்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது ஒன்று. விளிம்பைக் கண்டுபிடிக்கும் முறை ஒவ்வொன்றிலும் வேறு, ஒரே நோயாளியின் ஒரே படத்துக்கு வெவ்வேறு இ.எஃப். கொடுக்கும். 8 ஃபிரேமுக்குப் பதில் 16 ஃபிரேம் எடுத்தால் சுமார் 4 புள்ளி கூடும், ஏனென்றால் 8-ல் முழுச் சுருக்கம் நடக்கும் அந்தக் கணம் பக்கத்துக் கணங்களோடு கலந்துபோகும். உங்களுக்கு இரண்டிலும் 8 என்பதால் அந்தக் காரணம் இல்லை. துடிப்பு தாறுமாறாக இருந்தாலும், குறிப்பாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால், பெட்டிகளில் கதிர்கள் மாறி விழுந்து எண் கெடும். இப்போது பல இடங்களில் ரேம்ப் கணக்கே இல்லை, ஓசெம் என்ற திரும்பத் திரும்பத் திருத்தும் கணக்கு வந்துவிட்டது. அதில் எத்தனை முறை திருத்துகிறோம் என்பதே ஒரு ஃபில்டர் மாதிரி வேலை செய்யும், குறைவாகத் திருத்தினால் மங்கல், அதிகமாகத் திருத்தினால் பிசிறு. கேமராவின் மங்கலைக் கணக்கிலேயே திருத்தும் வசதியைப் போட்டால் குழி இன்னும் திறந்துகொள்ளும், எண்கள் மறுபடி நகரும். இதெல்லாம் ஒழுங்காக இருந்தாலும்கூட, அதே மையத்தில் அதே ஆளுக்கு மறுநாள் எடுத்தால் 5 புள்ளி அளவுக்கு முன்னே பின்னே இருப்பது சகஜம். எக்கோவில் இது 10 வரைகூடப் போகும்.

மூகா ஸ்கேன் எடுப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு வார்த்தை. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுஸுமாப் போன்ற புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கு இதயத்தைக் கண்காணிக்க இதை எடுப்பதுண்டு. அதில் ரத்தச் சிவப்பணுவில் டெக்னீசியத்தை ஏற்றிக் குழிக்குள் இருக்கும் கதிரையே எண்ணுகிறோம், விளிம்பைத் தேடிக் கன அளவு கணக்கிடுவதில்லை. அங்கே ஃபில்டரின் விளைவு எதிர்ப்பக்கம் போகும். ஃபிரேமுக்கு ஃபிரேம் மழுப்பினால் வளைவின் உச்சி கொஞ்சம் தேய்ந்து, பள்ளம் கொஞ்சம் நிரம்பி, இ.எஃப். குறையும். ஒரு ஸ்கேனுக்கு மழுப்பி, இன்னொன்றுக்கு மழுப்பாமல் விட்டால், மருந்தை நிறுத்த வேண்டுமா என்று யோசிக்கும் அளவுக்கு ஒரு பொய் வீழ்ச்சியோ, ஒரு நிஜ வீழ்ச்சியை மூடும் பொய் நிம்மதியோ வந்துவிடலாம். சிகிச்சை முடியும்வரை ஒரே மையம், ஒரே முறை. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சரி, உங்கள் அம்மாவுக்கு வருகிறேன்.

மறுபடி ஊசி போட்டு ஸ்கேன் எடுக்க வேண்டாம். முதல் மையத்துக்குப் போன் செய்து, இரண்டு வருடத்துக்கு முந்தைய ஸ்கேனின் மூலப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஃபிலிமோ பி.டி.எஃப்.போ போதாது, ஃபில்டர் போடுவதற்கு முந்தைய, ஈ.சி.ஜி. பிரித்த மூலப் படங்கள் டைகாம் என்ற மருத்துவப் படக் கோப்பு வடிவில் வேண்டும். பல மையங்களில் சி.டி. தட்டில் எழுதிக் கொடுப்பார்கள். அதை இரண்டாவது மையத்தில் கொடுத்து, இந்த மாதம் போட்ட அதே ஃபில்டர், அதே சாஃப்ட்வேரில் ஓட்டச் சொல்லுங்கள். டெக்னீஷியனுக்கு அது பெரிய வேலை இல்லை, காபி குடிக்கும் நேரத்தில் முடியும். பழைய பதிவு கிடைக்கவில்லை என்றால் தலைகீழாகச் செய்யலாம்: இந்த மாதப் பதிவை 0.30 போட்டு ஓட்டிப் பார்க்கட்டும். 66 மெல்ல ஏறி 70-களின் பின்பாதியில் போய் நின்றால் உங்கள் கேள்விக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும். மாறாமல் 66-லேயே நின்றால் வேறு காரணம் தேட வேண்டும், அப்போது நீங்கள் கேட்டது இன்னும் முக்கியமாகிவிடும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் இ.எஃப். ஓய்வு நிலையில் எடுத்ததா, ஸ்ட்ரெஸுக்குப் பிறகு எடுத்ததா? நீங்கள் ஒரு எண்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒருவேளை முதலாவது ஓய்வு நிலை, இரண்டாவது ஸ்ட்ரெஸ் என்றால் நாம் இரண்டு வேறு விஷயங்களை ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அதோடு இந்த மாத ஸ்கேனில் இரண்டு எண்ணும் என்ன என்று பாருங்கள், ஏனென்றால் உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, நெஞ்சு கனமும் இருக்கிறது. மூன்று ரத்தக் குழாயிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் தசை முழுக்க ஒரே மாதிரி கம்மியாகி, படத்தில் குறையே தெரியாமல் போவது அபூர்வமாக நடக்கும். அந்த மாதிரி நேரத்தில் எங்களை உஷார்ப்படுத்தும் தடயங்களில் ஒன்று, ஸ்ட்ரெஸுக்குப் பிறகு எடுத்த இ.எஃப். ஓய்வு நிலையைவிடத் தெளிவாகக் குறைவது. ஆனால் இதிலும் ஃபில்டர் குறுக்கே வரும். ஒரே நாளில் எடுக்கும் முறையில் ஓய்வுப் படத்துக்குக் குறைந்த மருந்து, ஸ்ட்ரெஸ் படத்துக்கு அதைப் போல மூன்று மடங்கு என்று போடுவது வழக்கம். குறைந்த மருந்துப் படத்தில் பிசிறு அதிகம் என்பதால் சில இடங்களில் அதற்கு மட்டும் கட்-ஆஃபைக் குறைத்து வைத்திருப்பார்கள். அப்படிச் செய்தால் சிறிய இதயத்தில் ஓய்வு எண் பொய்யாக ஏறி, ஸ்ட்ரெஸ் எண் குறைந்த மாதிரி ஒரு தோற்றம் வரும். ஆகவே இரண்டுக்கும் ஒரே ஃபில்டர் போட்ட எண்களைக் கேளுங்கள்.

மாமா சொல்லும் ஆஞ்சியோ பற்றி. 81 இருந்தது 66 ஆகிவிட்டது என்பது மட்டும்தான் காரணம் என்றால், அதற்காக வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் படி ஏறும்போது நெஞ்சு கனப்பது தனிக் கேள்வி, ஃபில்டர் பேச்சில் அது காணாமல் போகக் கூடாது. அந்தக் கனம் இப்போது அதிகமாகியிருக்கிறதா, குறைந்த தூரத்திலேயே வருகிறதா, உட்கார்ந்திருக்கும்போதும் வருகிறதா என்பதை இதய மருத்துவரிடம் நேரில் சொல்லுங்கள். அவர் சி.டி. ஆஞ்சியோவோ நேரடி ஆஞ்சியோவோ வேண்டும் என்று அறிகுறியை வைத்து முடிவு செய்தால் தயங்காமல் எடுங்கள். ஓய்வில் இருக்கும்போது நெஞ்சு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டு இருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மாத்திரை எதையும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம்.

இதைப் படிக்கும் டெக்னீஷியன் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் மிஷினில் ஃபில்டர் எண்ணை யார் எப்போது வைத்தார்கள் என்று ஒரு தடவை பாருங்கள். ஆள் மாறும்போது, சாஃப்ட்வேர் புதுப்பிக்கும்போது அது சத்தமில்லாமல் மாறிவிடுவதுண்டு. சிறிய இதயம் என்று தெரிந்தால் எடுக்கும்போதே ஜூம் போடுங்கள். அழகான படம் வேண்டும் என்று யாராவது கேட்டாலும், ரத்த ஓட்டம் பார்க்கும் படத்துக்கு மழுப்பிக் கொடுங்கள், இ.எஃப். கணக்கிடும் பதிவைத் தொடாதீர்கள். ஃபில்டர் பெயர், கட்-ஆஃப், அலகு, ஆர்டரா பவரா, ஃபிரேம், சாஃப்ட்வேர், இவை ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் அலகையும் சேர்த்துப் போட்டிருந்தால் இந்தத் தம்பி இத்தனை கணக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, அம்மாவுக்கு அடுத்த முறை ஸ்கேன் தேவைப்பட்டால் இந்த மாதம் எடுத்த மையத்திலேயே எடுங்கள், போகும்போது இந்த ஃபிலிமையும் கையில் கொண்டுபோய் அதே அமைப்பில் செய்யச் சொல்லுங்கள். 81-ஐ மறந்துவிட்டு 66-ஐத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளலாம். இ.எஃப். சதவீதத்தோடு நிற்காமல் இ.எஸ்.வி. எத்தனை மில்லி என்றும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பழைய பதிவைப் புது ஃபில்டரில் ஓட்டி எண் கிடைத்ததும், ஓய்வு, ஸ்ட்ரெஸ் இரண்டையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.